செயற்கை நுரைநீர்த் தடம் எப்படி உருவாகிறது? கனூ ஸ்லாலம் தட வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனூ ஸ்லாலம் என்பது என்ன மாதிரிப் போட்டி?

நுரை பொங்கிப் பாயும் தண்ணீரில், மேலே கம்பியிலிருந்து தொங்கும் கோல்களுக்கு நடுவே படகை ஓட்டும் போட்டி. இரண்டு கோல் சேர்ந்தால் ஒரு கேட். பச்சைக் கோல் கேட்டை நீரோட்டத்தோடு கடக்க வேண்டும். சிவப்புக் கோல் கேட்டைத் தாண்டிப் போய், திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து ஏறிக் கடக்க வேண்டும். கோலைத் தொட்டால் 2 விநாடி, கேட்டை விட்டுவிட்டால் 50 விநாடி தண்டனையாக நேரத்தில் சேரும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், 50 விநாடி சேர்ந்தால் பதக்கத்தை மறந்துவிடலாம்.

படகு இரண்டு வகை. கயாக்கில் உட்கார்ந்தபடி இரண்டு பக்க அலகுள்ள துடுப்பைப் போடுவார்கள். கனூவில் முழங்காலிட்டு, ஒரே அலகுள்ள துடுப்பு.

ஆறுகள் இருக்கும்போது கான்கிரீட்டில் ஒன்றைக் கட்டுவானேன்?

முதல் காரணம் நியாயம். ஆற்றில் காலை பத்து மணிக்கு இருக்கும் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு இருக்காது. மேலே எங்கோ மழை பெய்திருக்கும், அணையில் மதகை இறக்கியிருப்பார்கள், பனி உருகியிருக்கும். முதலில் போனவரும் கடைசியில் போனவரும் வேறு வேறு ஆற்றில் போட்டியிட்டதாகிவிடும். விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து முடிவு சொல்லும் போட்டிக்கு இது சரிப்படாது.

அப்புறம், பார்வையாளர். நல்ல பாய்ச்சல் உள்ள ஆறுகள் பெரும்பாலும் மலைப் பள்ளத்தாக்கில், சாலை எட்டாத இடத்தில் இருக்கும். பத்தாயிரம் பேரை அங்கே உட்கார வைக்க முடியாது. ஒளிபரப்புக்கும் அதே சிக்கல்தான்.

முதலில் கட்டியது யார்?

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கனூ ஸ்லாலம் முதல்முறையாக இடம்பெற்றபோது, லெக் ஆற்றின் ஓரமாக இருந்த 'ஐஸ்கனால்' என்ற கால்வாயைக் கான்கிரீட் தடமாக மாற்றினார்கள். குளிர்காலத்தில் ஆற்றில் மிதந்து வரும் பனிக்கட்டிகளை நகரின் நீர்நிலையத்துக்குள் போகவிடாமல் திருப்பிவிடத்தான் அந்தக் கால்வாய் முதலில் இருந்தது. ஆற்றின் குறுக்கே இருந்த அணைக்கட்டால் மேலுக்கும் கீழுக்கும் மட்ட வேறுபாடு ஏற்கெனவே இருந்தது. பம்ப் தேவைப்படவில்லை, மதகைத் திறந்தால் போதும்.

இதில் ஒரு சுவையான பின்கதை உண்டு. கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் ஆக்ஸ்பர்க் தடத்தைக் கவனமாகப் பார்த்துப் போய், தங்கள் ஊரான ஸ்விக்காவில் அதன் நகலைக் கட்டிப் பயிற்சி செய்தார்கள். 1972-ல் இருந்த நான்கு ஸ்லாலம் பிரிவுகளிலும் நான்கு தங்கமும் கிழக்கு ஜெர்மனிக்கே போயின. தடத்தின் வடிவம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அன்றைக்கே எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் இல்லை. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கோடு, பிரெனீஸ் மலையடிவாரத்தில் லா சேவ் துர்ஜெய் என்ற சிற்றூரில் திரும்பி வந்தது. ஆக்ஸ்பர்க் தடம் ஐம்பது ஆண்டு கழித்தும் ஓய்ந்துவிடவில்லை. 2019-ல் ஆக்ஸ்பர்க் நகரின் நீர் மேலாண்மை அமைப்பின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2022-ல் உலகச் சாம்பியன்ஷிப்பும் அங்கே நடந்தது.

ஒரு தடத்தின் அளவுகள் என்ன?

சிட்னி ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பென்ரித் தடம் 320 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் இறக்கம், விநாடிக்கு 14 கனமீட்டர் தண்ணீர். லண்டனுக்காகக் கட்டிய லீ வேலி தடம் 300 மீட்டர், அதே 5.5 மீட்டர் இறக்கம், சுமார் 13 கனமீட்டர். ரியோவில் 250 மீட்டருக்கு 4.5 மீட்டர் இறக்கம். டோக்கியோவின் கசாய் தடம் 200 மீட்டருக்கு அதே 4.5 மீட்டர், நீளம் குறைவு, ஆனால் சரிவு கூடுதல்.

நம் செய்தித்தாள் கணக்கில் சொன்னால் 13 கனமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 460 கனஅடி. மேட்டூர் திறப்பைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பத்து மீட்டர் அகலக் கால்வாய்க்குள் அதைத் திணித்து, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் சரிவில் இறக்கும்போது கரையில் நிற்பவருக்குக் கால் நடுங்கும்.

நீளம், சரிவு, விநாடிக்குப் பாயும் தண்ணீரின் அளவு மூன்றையும் பார்த்து ஒரு தடத்தை எடை போட்டுவிட முடியாது. ஒரே எண்களை வைத்து அருமையான தடமும் கட்டலாம், யாருக்கும் பிடிக்காத தடமும் கட்டலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கீழே வரும் பல பதில்கள் சொல்கின்றன.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் எவ்வளவு ஆகும்?

இரண்டு வழி. ஆக்ஸ்பர்க் போல, ஸ்லோவாக்கியாவில் டான்யூப் நதியோரம் உள்ள சூனோவோ போல, அணைக்கட்டுக்கு மேலிருந்து எடுத்துக் கீழே விடலாம். இதற்கு மின்செலவு கிடையாது. இன்னொரு வழி, கீழே ஒரு குளம் வெட்டி, அங்கிருந்து பம்ப் வைத்து மேலே ஏற்றி, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. பென்ரித், லீ வேலி, ரியோ, டோக்கியோ எல்லாம் இந்த வகை.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். விநாடிக்கு 13 கனமீட்டரை 5.5 மீட்டர் உயரம் தூக்க, இழப்பே இல்லாவிட்டாலும் 700 கிலோவாட் வேண்டும். பம்ப், மோட்டார், குழாய் இழப்புகளைச் சேர்த்தால் 900-லிருந்து 1,000 கிலோவாட் வரை போகும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்தத் தடம் ஆறேழு நிமிடத்தில் தின்றுவிடும். அதனால்தான் பம்ப் தடங்களில் பயிற்சி நேரம் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கிறது.

லா சேவ் துர்ஜெயில் இதற்கு ஓர் அழகான விடை கண்டுபிடித்தார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் பம்ப் தண்ணீரைத் தூக்கும். ஆற்றில் போதிய தண்ணீர் வந்தால் அதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று டர்பைனாக வேலை செய்து மின்சாரம் தயாரிக்கும். முப்பது ஆண்டுக்கு முன்பே செய்த இந்த யோசனையைப் பிறகு வந்தவர்கள் பலர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பம்ப் தடத்தில் எல்லோரும் மறக்கிற ஒன்று கீழ்க்குளத்தின் பரப்பு. பம்ப் ஓடும்போது தடத்துக்குள் ஆயிரக்கணக்கான கனமீட்டர் தண்ணீர் நிற்கும். 300 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 3,600 கனமீட்டர். அத்தனையும் குளத்திலிருந்து போனது. குளம் ஒரு ஹெக்டேர்தான் என்றால் அதன் மட்டம் 36 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். கீழ்மட்டம் அவ்வளவு இறங்கினால் கடைசி அருவி நினைத்ததைவிடச் செங்குத்தாகிவிடும், பம்ப் வாயில் காற்று உறிஞ்சும். அதனால் குளம் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது இந்த இறக்கத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துத் தடத்தின் முடிவை அமைக்க வேண்டும்.

பல தடங்கள் குதிரை லாட வடிவில் வளைந்திருப்பதற்கும் பம்ப்தான் காரணம். தொடக்கமும் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குழாயின் நீளம் குறையும். படகையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிச் செல்லும் கன்வேயர் பட்டையும் குட்டையாகப் போதும். பென்ரித்தில் வீரர்கள் படகை விட்டு இறங்காமலே மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நுரை எப்படி உண்டாகிறது?

வீட்டுச் சமையலறைத் தொட்டியிலேயே இதைப் பார்க்கலாம். குழாயைத் திறந்து தட்டையான அடிப்பரப்பில் தண்ணீர் விழ விடுங்கள். விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய, வேகமான ஒரு வட்டம் தெரியும். அதன் விளிம்பில் தண்ணீர் சட்டென்று தடித்து எழும்பி மெதுவாகும். இதற்குப் பொறியியலில் நீர்த்தாவல் என்று பெயர். நுரைநீர்த் தடம் என்பது இந்த நீர்த்தாவல்களை வரிசையாக, வேண்டிய இடத்தில், வேண்டிய கோணத்தில் உட்கார வைப்பதுதான்.

ஆழம் குறைந்த தண்ணீரில் அலை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை ஆழமே தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு சுமார் 3.1 மீட்டர். தண்ணீர் அதைவிட வேகமாக ஓடினால் எந்த அலையாலும் மேல்நோக்கி ஏற முடியாது. அது வழவழப்பாக, நாக்கு நீட்டியதுபோல் பளபளத்து இறங்கும். கீழே ஆழமான, மெதுவான தண்ணீரைச் சந்திக்கும்போது வேகத்தைத் தக்கவைக்க முடியாமல் எழும்பி உடைகிறது. உடையும்போது காற்றை உள்ளே இழுப்பதால்தான் வெள்ளை நுரை.

இந்த உடைவு தேவையும்கூட. 5.5 மீட்டர் இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் முழுவதும் வேகமாக மாறினால், முடிவில் தண்ணீர் விநாடிக்கு பத்து மீட்டருக்கு மேல் பாயும். அதில் படகு ஓட்ட முடியாது, கீழே வந்து சேர மட்டும்தான் முடியும். ஆகவே மொத்த இறக்கத்தைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் அடியிலும் ஆற்றலைச் செலவழிக்க வைக்கிறார்கள்.

நல்ல தடத்துக்கு அடையாளம் எது? பெரிய அலைகளா?

இல்லை. எதிரோட்டங்கள்.

கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடையைத் தாண்டித் தண்ணீர் பாயும்போது, தடைக்குப் பின்னால் மட்டம் தாழ்ந்திருக்கும். அதை நிரப்பக் கீழிருந்து தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி வரும். ஓடும் ஆற்றுக்குள் எதிர்த்திசையில் ஓடும் ஒரு சின்னக் குளம் அது. எதிர்த்து ஏற வேண்டிய சிவப்பு கேட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் தொங்கும். ஒலிம்பிக் போட்டிகளில் இருபத்துச் சொச்சம் கேட்டுகளில் பொதுவாக ஆறு இந்த வகை. பதக்கம் பெரும்பாலும் அந்த ஆறில்தான் தீர்மானமாகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி நடக்கும். வீரர் முழு வேகத்தில் வருகிறார். படகின் மூக்கு, பாயும் ஓட்டத்துக்கும் எதிரோட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டைக் கடக்கிறது. மூக்கை எதிரோட்டம் மேலே தள்ளுகிறது, வாலை முக்கிய ஓட்டம் கீழே இழுக்கிறது. இரண்டு தள்ளலும் சேர்ந்து படகைச் சட்டென்று திருப்புகின்றன. அந்தக் கணத்தில் அவர் உடலைச் சாய்த்து வாலைத் தண்ணீருக்குள் அமுக்கினால், மூக்கு மேலெழ, படகு ஒரே வீச்சில் சுழன்று கேட்டுக்குள் போய்விடும். தோள் கோலை உரசாமல் நழுவும். இரண்டே துடுப்பு வீச்சில் வெளியே வந்துவிடுவார். திருப்பியது பாதி அவர், பாதி தண்ணீர்.

எதிரோட்டம் மிகச் சின்னதாக இருந்தால் 3.5 மீட்டர் படகின் வால் எப்போதும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டே இருக்கும். மிகப் பெரிதாக இருந்தால் தண்ணீர் செத்துக் கிடக்கும், அங்கே கைவலு மட்டும்தான் பேசும். அடியிலிருந்து குமிழியிட்டுப் பொங்கும் எதிரோட்டமும் உண்டு. அதில் படகு எந்தப் பக்கம் நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூர்மையான எல்லைக்கோடு, அமைதியான நடுப்பகுதி, படகு திரும்பப் போதுமான அகலம் மூன்றும் ஒன்றாக அமைந்தால்தான் நல்ல எதிரோட்டம். அதை அமைக்கத் தெரிந்தவரே நல்ல வடிவமைப்பாளர் என்பேன். பெரிய அலையை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம்.

இன்னொன்று, குறுக்கே போகும் வழி. தடைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்தால் ஓட்டம் பாம்புபோல் நெளியும். நடுவில் சாய்வாக நிற்கும் ஓர் அலை அமைந்தால் வீரர் அதன் முகத்தில் சறுக்கிக்கொண்டே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடலாம். இப்படி ஒரே இடத்தில் இரண்டு மூன்று வழிகள் இருக்க வேண்டும். ஒரே வழிதான் என்றால் எல்லோரும் அதையே செய்வார்கள், போட்டி வலுப்போட்டியாகச் சுருங்கிவிடும்.

"தண்ணீர் துடிக்கிறது" என்று வீரர்கள் புகார் சொல்வது எதை?

பம்ப் சீராகத் தள்ளினாலும் தடத்துக்குள் தண்ணீர் சீராக இருப்பதில்லை. ஓர் எதிரோட்டம் மெல்ல நிரம்பும், மட்டம் ஏறும், தாங்க முடியாமல் தன் தண்ணீரை ஓட்டத்துக்குள் கொட்டும், மறுபடி நிரம்பும். கொட்டிய தண்ணீர் கீழே உள்ள அலையை ஆட்டும். அந்த அலை அடுத்த எதிரோட்டத்தை ஆட்டும். சுவரில் மோதித் திரும்பும் அலைகளும் சேர்ந்துகொள்ளும்.

வீரருக்கு இதன் பொருள்: ஒருவர் கேட்டுக்குள் நுழையும்போது எதிரோட்டம் நிரம்பி நின்று அவரை ஏந்திக்கொள்ளும், அடுத்தவர் நுழையும்போது கொட்டிக்கொண்டிருந்து அவரை வெளியே துப்பும். இருவரும் ஒரே மாதிரி ஓட்டியிருப்பார்கள், ஆனால் ஒரு விநாடி வித்தியாசம் வந்துவிடும். இறுதிச் சுற்றில் தங்கத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே அவ்வளவுகூட இருக்காது.

முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்கலாம். எதிரோட்டங்களை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அமைக்காமல் இருந்தால் அவை ஒன்றையொன்று தூண்டுவது குறையும். ஓட்டத்துக்கு நேரெதிராக நிற்கும் சுவர் முகங்களைத் தவிர்க்க வேண்டும். தடம் கட்டி முடிந்த பிறகு வாரக்கணக்கில் தடைகளை ஓரிரு அடி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வேலை எதுவும் தெரியாது. ஆனால் செயற்கைத் தடம் கட்டுவதே நியாயத்துக்காக என்றால், மொத்தச் செலவும் இந்த இடத்தில்தான் பலிக்கிறது, அல்லது வீணாகிறது.

இதில் மாட்டிக்கொண்டு மூழ்கிவிடும் ஆபத்து இல்லையா?

உண்டு. வடிவமைப்பாளர் முதலில் தவிர்க்க வேண்டியதே அதுதான்.

படியின் கீழ்ப்பக்கம் தண்ணீர் மட்டம் சற்றுக் கூடுதலாக இருந்தால் நீர்த்தாவல் மேலே தெரியாமல் உள்ளே அமுங்கிவிடும். அடியில் தண்ணீர் வேகமாகக் கீழே போகும், மேற்பரப்பு படியை நோக்கித் திரும்பி ஓடும். மிதக்கும் எதையும் படியின் பக்கமே இழுத்து, அடித்து, மறுபடி இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் நீச்சல் தெரிந்தவரையும் அது தாங்காது. பார்ப்பதற்கோ சாதுவாகத் தெரியும். நம் ஊர்த் தடுப்பணைகளின் கீழே குளிக்கப் போனவர்கள் மூழ்கிய செய்திகளைப் படிக்கிறோமே, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இந்தச் சுழற்சி இருக்கக்கூடும். வெள்ளம் போகும் தடுப்பணையை, நீச்சல் தெரிந்தாலும், நெருங்கவே கூடாது.

தடங்களில் இதைத் தவிர்க்க, கரையிலிருந்து கரைவரை நேர்க்கோட்டில் அருவி அமைப்பதில்லை. சாய்வாகவோ, நடுவில் தாழ்ந்து வி வடிவிலோ அமைத்தால், சுருளும் தண்ணீர் ஏதாவது ஒரு பக்கம் வெளியேறும், மாட்டியவரும் அதோடு வெளியே வருவார். தடைகளுக்கு இடையே கால் சிக்கும் இடுக்கு இருக்கக் கூடாது. விளிம்புகள் உருண்டிருக்க வேண்டும். கவிழ்ந்தவரின் தலையும் தோளும் தரையில் மோதாத ஆழம் வேண்டும். பம்பை உடனே நிறுத்தும் வசதி பம்ப் தடங்களுக்குக் கிடைத்த பெரிய வரம், ஆனால் நிறுத்தினாலும் தண்ணீர் வடியக் கொஞ்ச நேரமாகும். அதனால் மூழ்குபவருக்கு வீசும் கயிற்றுப் பையோடு கரையில் ஆள் நிற்பதை எதனாலும் ஈடுகட்ட முடியாது.

தடைகளை நகர்த்த முடியுமா?

ஆக்ஸ்பர்க்கில் முடியாது. அது கான்கிரீட்டில் வார்த்த தடம். எங்கே எந்தச் சுழல் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பென்ரித்தில் நகர்த்தக்கூடிய தடைகளை வைத்தார்கள். லீ வேலியில் 'ரேபிட்பிளாக்' எனப்படும் பிளாஸ்டிக் கட்டைகளைத் தரையில் பதித்த சட்டங்களில் பூட்டுகிறார்கள். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்காட் ஷிப்ளி, அமெரிக்காவுக்காக மூன்று ஒலிம்பிக்கில் கயாக் ஸ்லாலம் போட்டியிட்டுப் பிறகு பொறியாளரானவர்.

நகரும் தடையின் பெரிய நன்மை, கட்டியபின் திருத்தலாம் என்பது. இன்னொரு நன்மை, காலையில் வீரர்களுக்குக் கடினமாகவும் பிறகு பொதுமக்களின் ராஃப்டிங்குக்கு, அதாவது ரப்பர்ப் படகுச் சவாரிக்கு, மென்மையாகவும் மாற்றலாம். ஆனால் தண்ணீரின் அளவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஐந்து பம்புக்கு அமைத்த தடைகள் மூன்று பம்ப் தண்ணீரில் வேறொரு ஆறாகிவிடும்.

கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தால் போதாதா?

ஓட்டத்தின் திசை, மட்டம், சராசரி வேகம் வரை கணினி நன்றாகச் சொல்லும். நுரையும் துடிப்பும் வரும் இடத்தில் அது தடுமாறும். அதனால் பத்தில் ஒரு பங்கு அளவில் உண்மையான மாதிரி கட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

மாதிரியில் நீளத்தைப் பத்தால் வகுத்தால் வேகத்தையும் பத்தால் வகுக்கக் கூடாது. ஈர்ப்புதான் இங்கே ஓட்டுகிறது என்பதால் வேகம் பத்தின் வர்க்கமூலத்தால், அதாவது 3.16-ஆல் குறையும். விநாடிக்குப் பாயும் தண்ணீரின் அளவு 316-ஆல் குறையும். லீ வேலியின் 13 கனமீட்டர், மாதிரியில் விநாடிக்கு 41 லிட்டராகிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஓட்டக்கூடிய அளவு. மாதிரி காட்டாதது காற்றுக் கலப்பு: சின்ன அளவில் நீரின் மேற்பரப்பு இழுவிசை கைகொடுப்பதால் நுரை குறைவாக வரும். அதனால் மாதிரியில் சாதுவாகத் தெரிந்த சுருள், நிஜத்தில் முரடாக இருக்கலாம்.

கேட்டுகளை வைப்பவரும் தடத்தை வடிவமைத்தவரும் ஒருவரா?

வேறு. போட்டிக்கு நியமிக்கப்படும் அமைப்பாளர்கள், இருக்கும் தண்ணீரில் கேட்டுகளைத் தொங்கவிடுகிறார்கள். வேறு ஆட்கள் ஓட்டிக் காட்டுவார்கள், போட்டியாளர்கள் கரையிலிருந்து பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேட் அமைப்பில் அவர்கள் முதலில் ஓட்டுவது போட்டியில்தான்.

அப்படியென்றால் சொந்தத் தடத்தில் பயிற்சி பெறுவது பெரிய லாபமா?

கேட் மாறும், தண்ணீர் மாறாது. அதனால் லாபம்தான். லண்டன் 2012-ல் இரட்டையர் கனூவில் தங்கம், வெள்ளி இரண்டும் லீ வேலியில் பயிற்சி செய்த பிரிட்டன் ஜோடிகளுக்கே கிடைத்தன. ஆனால் அதைவிடப் பெரிய லாபம், வீட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடுவது. ஆஸ்திரேலிய வீராங்கனை ஜெசிக்கா ஃபாக்ஸ் பென்ரித்தில் வளர்ந்தவர். டோக்கியோவில் ஒரு தங்கம், பாரிஸ் 2024-ல் இரண்டு தங்கம் என்று அவர் வென்றவை எல்லாம் வெளிநாட்டுத் தடங்களில். சிட்னி ஒலிம்பிக் முடிந்து அந்தத் தடத்தை மூடியிருந்தால் அந்தப் பதக்கங்கள் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கயாக் கிராஸ் வந்தபின் தடங்கள் மாறுகின்றனவா?

பாரிஸில் அறிமுகமான இந்தப் பிரிவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து தண்ணீருக்குள் குதித்துப் போட்டி போடுகிறார்கள், மோதிக்கொள்ளவும் செய்கிறார்கள். தொடக்கத்தில் சரிவு மேடைக்கு இடம் வேண்டும். நான்கு படகு ஒன்றாக நுழையும் அளவுக்கு எதிரோட்டம் அகலமாக வேண்டும். தனி ஸ்லாலத்துக்கு அளவாக வெட்டிய நுணுக்கமான எதிரோட்டங்களுக்கு இது கொஞ்சம் முரண்தான்.

சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீர் சுத்தமாக இருக்குமா?

அமெரிக்காவில் சார்லட் நகரின் தேசிய நுரைநீர் மையத்தில் 2016-ல் ராஃப்டிங் செய்த ஓர் இளம்பெண், மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபாத் தொற்றால் இறந்தார். குளோரினும் புறஊதா விளக்கும் அங்கே இருந்தன. கலங்கிய தண்ணீரில் இரண்டுமே சரியாக வேலை செய்யவில்லை. மையத்தை மூடி, சுத்திகரிப்பை மாற்றி அமைத்த பிறகே திறந்தார்கள்.

இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரை விரும்புவது. மூக்கு வழியாக உள்ளே போவது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபிக் மூளைக்காய்ச்சல் எவ்வளவு கவலையைக் கிளப்பியது என்று நமக்குத் தெரியும். ஐரோப்பியக் குளிர்நீரை மனதில் வைத்து வரைந்த தடத்தை வெப்ப நாட்டில் அப்படியே கட்டக் கூடாது. முதலில் கலங்கலை நீக்கும் வடிகட்டி, அதன் பிறகே கிருமிநீக்கம். இந்த வரிசையை மாற்ற முடியாது. செலவுப் பட்டியலில் இதைக் கடைசி வரியில் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

ஒலிம்பிக் முடிந்ததும் இவை என்ன ஆகின்றன?

ஏதென்ஸ் 2004 தடம் கடல்நீரில் ஓடியது, பழைய விமான நிலைய நிலத்தில் இருந்தது. போட்டிக்குப் பிறகு கைவிடப்பட்டுப் பாழடைந்தது. லீ வேலியோ ஒலிம்பிக்குக்கு ஓர் ஆண்டு முன்பே, 2011-லேயே, பொதுமக்களின் ராஃப்டிங்குக்குத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் புதியவர்களுக்கென்று 1.6 மீட்டர் இறக்கத்தில் 160 மீட்டர் சிறு தடமும் உண்டு. 2015-லும் 2023-லும் அங்கே உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ரியோவில் ஒலிம்பிக்குக்கு முந்தைய கோடையிலேயே டியோடோரோ பகுதி மக்களை அதன் குளத்தில் குளிக்க அனுமதித்தார்கள். வெயிலில் காய்ந்த அந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்கு அது திருவிழா.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டி, இருக்கிற தடமே போதும் என்று, வெகு தொலைவிலுள்ள ஓக்லஹோமா சிட்டியில் நடக்கப் போகிறது. ஏற்பாட்டாளர்கள் செய்தது முற்றிலும் சரி என்பதே என் கருத்து.

இந்தியாவில் இப்படி ஒன்று கட்டலாமா?

நம் ஸ்லாலம் வீரர்களின் பெயர்பெற்ற களம் மத்தியப் பிரதேசத்தில் நர்மதையின் மகேஷ்வர் பக்கம் உள்ள சகஸ்ரதாரா. இயற்கைப் பாறைகளுக்கு நடுவே பாயும் ஓட்டம் அது. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் ஸ்லாலம் போட்டியும் அங்கே நடந்திருக்கிறது.

புதிதாகக் கட்டுவதென்றால் பம்ப் தடத்தை முதல் தேர்வாக வைக்கக் கூடாது. மின்கட்டணமே அதை மூடிவிடும். நம்மிடம் அணைகளும் அணைக்கட்டுகளும் கால்வாய்ப் படியருவிகளும் ஏராளம். ஆக்ஸ்பர்க் வழி நமக்குப் பொருந்தும். இங்கே உடனே வரும் கேள்வி, பாசனத் தண்ணீரை விளையாட்டுக்கு எடுப்பதா என்பது. தடம் தண்ணீரைச் செலவழிப்பதில்லை, அதன் உயரத்தை மட்டும் செலவழிக்கிறது. மேலே எடுத்தது அப்படியே கீழே கால்வாயில் சேர்ந்துவிடும். விவசாயிக்கு இழப்பில்லை, உயரத்துக்குப் போட்டியாளர் மின் உற்பத்தி மட்டுமே. அமெரிக்காவில் 1996 ஒலிம்பிக் நடந்த ஒக்கோயி ஆற்றிலும் தண்ணீர் வழக்கமாக மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டு, ஆற்றுப்படுகை வறண்டு கிடந்தது. போட்டிக்காக அந்தப் படுகையைச் செயற்கைப் பாறைகளால் குறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.

மீதமிருக்கும் சிக்கல் நாள்காட்டிதான். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் பாசனத்தை நம்பித் தடம் அமைத்தால், ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் தடம் காய்ந்து கிடக்கும். இடம் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு உயரம் என்பதை அல்ல, கோடையிலும் விநாடிக்குப் பத்து கனமீட்டர் வருமா என்பதை. பொதுப்பணித் துறையின் பழைய நீர்வரத்துப் பதிவேடுகளிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.